பாதை வராத வீடு

வரைபடக்காரரின் மனைவி, அவர் வரைந்த ஊருக்கே குடிபோய்விட்டாள் என்ற செய்தி பரவியபோது, பால் விலை மறுபடியும் ஏறியதைப் பற்றித் தெரு எவ்வளவு பேசியதோ அவ்வளவுதான் இதைப் பற்றியும் பேசியது. உண்மையைச் சொன்னால் அந்த வாரம் பால்தான் பெரிய விஷயம். ஒரு வாளி, ஒரு கத்தரிக்கோல், போட்டுக்கொண்டிருந்த கோட்டு, இவ்வளவுதான் எடுத்துப் போனாள் என்று கேள்விப்பட்ட கீழ்வீட்டுக்காரி, "அவ எப்பவுமே சிக்கனம்தான்" என்றாள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று சிலர் விசாரித்தார்கள். மூன்றாம் மாடியில், முன்னறையில், மேசைமேல் என்று பதில் வந்தது. அப்படியானால் பக்கத்தில்தானே என்று அவர்களும் சமாதானமாகிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஓர் ஆறு. ஓரளவு பேர் வாங்கிய கதாசிரியர் ஒருவர் பேயும் பறக்கிற ஆடும் வருகிற நாவல் ஒன்றை எழுதியிருந்தார். புத்தகத்தின் முன்பக்கத்தில் கதை நடக்கிற நாட்டின் வரைபடம் போட்டிருந்தார்கள். அதை வரைந்த ஆள் அவசரத்தில் ஆற்றைக் குன்றின்மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிட்டான். வாசகர்கள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கதாசிரியரின் அடுத்த நாவல் குளிர்காலக் கிராமம் ஒன்றில் நடக்கிறது என்று தெரிந்ததும், பதிப்பாளர் குல்லாயும் மப்ளருமாக மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்து வரைபடக்காரரின் முன்னால் உட்கார்ந்தார்.

"படிக்கறவங்க நம்பணும் சார். பேய் வந்தா நம்பறாங்க, ஆடு பறந்தா நம்பறாங்க. ஆறு மேட்டுல ஏறினா மட்டும் விட மாட்டேங்கறாங்க."

"விடக் கூடாது" என்றார் வரைபடக்காரர்.

அவர் அப்படிப்பட்டவர். பள்ளிப் புத்தகங்களுக்கு நாடுகளும் மலைகளும் வரைந்து முடி நரைத்தவர். தாளில் ஒரே ஒரு மரத்தை வைப்பதற்கு முன்னாலும் 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்பார். பதில் கிடைக்காவிட்டால் மரம் கிடையாது. அதேபோல, நடைபாதைகளை அவர் வரையவே மாட்டார். வீட்டை வை, கிணற்றை வை, கடையை வை, பாதை தானாகக் கால்களால் வரும் என்பார்; எல்லாம் முடிந்தபிறகு கடைசி நாளில், எந்த வாசலிலிருந்து எங்கே கால் போயிருக்கும் என்று யோசித்துப் புள்ளி புள்ளியாக வைப்பார். இதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை என்று தொழிலில் இருந்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்ற கேள்வியைத் தன் வீட்டுக்குள் எந்தப் பொருளைப் பார்த்தும் அவர் கேட்டதில்லை.

வீடு என்பது இரண்டே அறை. முன்னறையில் பெரிய ஜன்னல். காலையிலிருந்து மாலைவரை வெளிச்சம். அங்கே அவருடைய மேசை. பின்னால் சமையலறை, அதற்கு ஜன்னல் கிடையாது, ஒரு குண்டு பல்பு உண்டு. அந்தப் பல்பின் கீழேதான் மனைவி, துணிக்கடைக்காரர் ஒருவர் கொடுத்தனுப்பும் கோட்டுகளுக்கு உள்துணி மாற்றித் தைப்பாள், பித்தான் வைப்பாள், தையலை இஸ்திரிப்பெட்டியால் அமுக்குவாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். கல்யாணமான புதிதில் ஒருமுறையும், கண் மங்கத் தொடங்கியபோது ஒருமுறையும், அதற்குப் பிறகு ஒருமுறையும், முன்னறை மூலையில் ஒரு சின்ன மேசை போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். உன் நிழல் என் தாளில் விழும் என்று மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். குளிர்காலம் வந்தால் மாடிக் குழாயில் தண்ணீர் உறைந்துபோகும். முற்றத்துக் குழாயிலிருந்து வாளியில் பிடித்து அவள்தான் மேலே கொண்டுவருவாள். ஆண்டாண்டாக அது நடந்துவந்ததால் அது ஒரு வேலை என்பதே அவர் மனதில் பட்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவர் வரைந்த ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். மேலே உயரத்தில் நின்று சாய்வாகப் பார்க்கிற மாதிரியான படம். கூரையும் தெரியும், சுவரும் வாசலும் தெரியும். வடக்கே குன்று. அங்கிருந்து இறங்குகிற ஓடை எந்த இடத்தில் திடீரென்று தாழ்கிறதோ அந்த இடத்தில் மாவு ஆலை. தோல் பதனிடுகிற கொட்டகை, நாற்றம் ஊருக்குள் வராதபடி, தண்ணீர் போகிற திசையில் கடைசியாக. பிணம் தூக்குகிறவர்கள் மேடு ஏற விரும்பமாட்டார்கள் என்பதால் இடுகாடு சமதரையில். தெற்கே ஊரின் வாசலைப் போல ஓர் ஏரி, கெட்டியாக உறைந்து தாளின் ஓரம்வரைக்கும் கிடந்தது. வெளியூர்க்காரர்கள் அந்த உறைந்த ஏரியின்மேல் நடந்துதான் ஊருக்குள் வரவேண்டும். குளிர்காலக் கதைக்கு அது போதும் என்று அவர் நினைத்தார். எல்லாவற்றையும் கேட்டவர், வெயில் வந்தால் இந்த ஏரி என்ன ஆகும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. குளிரில் உட்கார்ந்து குளிரை வரைகிறவர்கள் செய்கிற தப்பு அது.

கிணற்றை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. சரிவுக்குக் கீழே வைத்தால்தான் தண்ணீர் இருக்கும். வீடுகளோ மேலே இருந்தன. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"தண்ணி தூக்கிட்டு மாடி ஏறும்போது உனக்கு எங்க மூச்சு வாங்கும்?"

அவளுடைய ஊசி நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் இதைக் கேட்டது இதுதான் முதல்முறை.

"ரெண்டாவது மாடி திரும்பற இடத்துல" என்றாள் மெதுவாக. "அங்க ஒரு கல்லு மாதிரி ஏதாவது இருந்தா வாளியை வச்சுட்டு நிமிரலாம். தரையில வச்சா மறுபடி குனிஞ்சு எடுக்கணும், இடுப்பு விட்டுப்போகும்."

"எவ்வளவு உயரம் இருக்கணும்?"

"முழங்காலுக்கு மேல."

அவர் திரும்பிக்கொண்டார். கிணற்றிலிருந்து மேலேறுகிற சரிவில் பாதிக்குமேல் ஓர் இடத்தில், முழங்காலுக்கு மேல் உயரமாக, ஒரு தட்டைக் கல்லை வரைந்தார். பிரமாதமாக வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் வாசற்படியில் வந்து நின்று அந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் கீழே போனாள்.

குளிர் ஏற ஏற மைப்புட்டியில் மை கட்டியாகத் தொடங்கியது. புட்டியை அவளுடைய இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து இளக்கிக்கொண்டுபோய் வரைந்தார். அந்தச் சூடு பட்ட பிறகுதான் தாள் மாறத் தொடங்கியது என்று பின்னால் சிலர் சொன்னார்கள்; நிச்சயமாக யாருக்கும் தெரியாது. முதலில் பனி. வெள்ளையாக விட்டிருந்த இடங்களில் காலையில் மெல்லிய பொடி படிந்திருக்கும். ரப்பர் தூள் என்று நினைத்து அவர் இறகால் தட்டிவிடுவார். விரல் ஜில்லென்று ஆகும். பிறகு புகை. ஆலைக்காரன் வீட்டுப் புகைபோக்கியில் அவர் கிழக்கே சாய்த்துப் போட்ட புகை, மறுநாள் மேற்கே சாய்ந்திருந்தது. காற்று மாறியிருக்கும் என்று விட்டுவிட்டார். அதன்பிறகு பாதைகள் வந்தன. கடைசி நாளுக்கென்று அவர் மிச்சம் வைத்திருந்த பாதைகள், அவர் கை படாமலே, வாசலிலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து கல்லுக்கும் கடைக்கும் பனியில் மிதிபட்டுக் கிடந்தன. ஆலைக்காரன் வீட்டின் கொல்லைப்பக்கத்திலிருந்து கிளம்பிய ஒரு பாதை, ஊரைச் சுற்றிக்கொண்டு யாருக்கும் தெரியாதமாதிரி விதவை ஒருத்தி வீட்டின் பின்வாசலில் முடிந்தது. நல்ல குடும்பங்கள் படிக்கிற புத்தகத்தில் இது இருக்கலாமா என்று கொஞ்சம் யோசித்தார். எந்த ஊரில்தான் இது இல்லை என்று விட்டுவைத்தார். பாதை தானாக வரும் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தவருக்கு அது வந்தே விட்டதில் ஆச்சரியம் இல்லை, பெருமைதான் இருந்தது.

ஊரின் மேற்குப் பக்கத்தில், தெற்குப் பார்த்த சரிவில், ஒரு வீட்டுக்கு மட்டும் இன்னும் ஆள் வைக்கவில்லை. மற்ற வீடுகளைவிடச் சின்னது. சமையலறையில் அகலமான ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை போடுகிற அளவுக்கு இடம். ஒருநாள் மத்தியானம் டீ கொண்டுவந்து வைத்த மனைவி, பூதக்கண்ணாடியை எடுத்து அந்த வீட்டைப் பார்த்தாள்.

"இது யார் வீடு?"

"இன்னும் முடிவு பண்ணல."

"சமையலறைக்கு ஜன்னல் வச்சிருக்கீங்களே."

"தெற்குச் சரிவு. அவ்வளவு வெளிச்சத்தை விட்டுட்டு எவளாவது இருட்டுல சமைப்பாளா? ஜன்னல் இல்லாட்டி நம்ப மாட்டாங்க."

அவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள். "ஆமா. நம்ப மாட்டாங்க" என்றாள். அவர் டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு ஓடைக்குக் கரை போடத் தொடங்கினார்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, காலையில் டீ வரவில்லை. இரண்டு முறை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். பல்பு அணைத்திருந்தது. இஸ்திரிப்பெட்டி ஜில்லிட்டுக் கிடந்தது. கடைக்காரரின் கோட்டுகள் வேலை முடிந்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. திரும்பி வந்து மேசையைப் பார்த்தார். தாளின் கீழ் ஓரத்திலிருந்து உறைந்த ஏரியின்மேல் ஓர் ஒற்றைக் காலடித்தடம் நேராகப் போய், தெற்குச் சரிவு வீட்டு வாசலில் முடிந்திருந்தது. அந்த வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சரிவில் இருந்த கல்லின்மேல் ஒரு வாளி. வளைந்த கைப்பிடியில் துணி சுற்றிய வாளி, அவர்கள் வீட்டு வாளி.

முதலில் அவருக்கு வந்தது துக்கம் இல்லை, எரிச்சல். படத்தின் தலைப்பை எழுதுவதற்கென்று ஏரியின் அந்த மூலையைத்தான் காலியாக விட்டிருந்தார். காலடித்தடம் அதன் நடுவாகப் போயிருந்தது. அந்த எரிச்சல் மத்தியானம்வரை தாங்கியது. அதற்கப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருடைய கோட்டுக்கோ பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணைச் சுருக்கவில்லை.

குனிந்து அவளைக் கூப்பிட்டார். அவர் மூச்சுக்காற்று பட்டு ஊரில் சூறாவளி அடித்தது. இரண்டு கொட்டகையின் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். அவள் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள். தானே போய்விடலாம் என்று ஏரியின் ஓரத்தில் விரலை வைத்தார். உறைபனி கரையிலிருந்து கரைவரை விரிசல் விட்டது. அவள் எப்படிப் போனாள், அவருக்கு ஏன் முடியவில்லை என்று தெருவில் கொஞ்ச நாள் வாதம் நடந்தது. அவளுக்குப் போக வேண்டியிருந்தது, போனாள், அவ்வளவுதான் என்று கீழ்வீட்டுக்காரி முடித்துவைத்தாள்.

தகவல் கேட்டு மனைவியின் அண்ணன் வந்தார். பேருந்து ஓட்டுகிறவர், பெரிய உடம்பு, பெரிய குரல். உதை விழும் என்று எதிர்பார்த்து வரைபடக்காரர் மேசைக்கு அந்தப் பக்கமாக நின்றுகொண்டார். மச்சான் பூதக்கண்ணாடியை வாங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சதை போட்டிருக்கா மாப்பிள்ளை. கன்னம் பாருங்க."

"குளிர்ல வீங்கியிருக்கும்."

"பாடறா."

"பாடறாளா? எப்படிச் சொல்றீங்க மச்சான்? வாய் அசையுது, யார்கிட்டயாவது பேசுவா."

"தனியாத்தானே உட்கார்ந்திருக்கா. பாட்டுதான். சின்ன வயசுல துணி மடிக்கும்போதெல்லாம் பாடுவா, அம்மா கத்துவாங்க. இங்க பாட மாட்டாளா?"

அவள் பாடி வரைபடக்காரர் கேட்டதே இல்லை. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு, அடுத்த விடுமுறைக்கு வருகிறேன் என்று கிளம்பினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது வரைபடக்காரருக்கு.

அதன்பிறகு அவர் செய்த காரியம் நல்ல காரியம் இல்லை. ஒரு சாயங்காலம், மையைச் சுரண்டி எடுக்கிற சின்னக் கத்தியைக் கையில் எடுத்தார். அந்த வீட்டையே சுரண்டிவிடுவதென்றுதான் எடுத்தார். உள்ளே அவள் இருந்தாள், கை வரவில்லை. ஆனால் கோபத்துக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. சரிவில் இருந்த கல்லைச் சுரண்டினார். அது என் கல், என் யோசனை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெறும் தாள் தெரிகிறவரை சுரண்டினார். மறுநாள் காலையில் தண்ணீர் எடுத்துவந்த பெண்கள் அந்த இடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வாளிகளைப் பனியில் வைத்துவிட்டு, குனிந்து எடுக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். வரைபடக்காரர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் ஊரே திரண்டு குன்றின் அடிவாரத்திலிருந்து வேறொரு கல்லை உருட்டிக்கொண்டுவந்து அங்கே நிறுத்தியது. எந்த உயரத்துக்கு நிறுத்தவேண்டும் என்று கையைக் காட்டிச் சொன்னது அவர் மனைவி. முழங்காலுக்கு மேல். அவருக்கு வெட்கமாக இருந்தது, உட்காரவும் முடியவில்லை. அவள் பானையில் நிரப்பிவைத்துப் போன தண்ணீரும் தீர்ந்து வீட்டில் ஒரு சொட்டு இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து, பக்கத்து வீட்டில் வாளி இரவல் வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். திரும்பி ஏறும்போது இரண்டாவது மாடி திரும்புகிற இடத்தில் மூச்சு வாங்கியது. அவள் சொன்ன அதே இடம்.

குளிர் முடிவதற்குள் பதிப்பாளர் வந்து படத்தை எடுத்துப்போய் அச்சடித்துத் திருப்பித் தந்தார். அச்சில் எதுவும் அசையவில்லை, இருந்தாலும் புத்தகம் நன்றாக விற்றது. கதையை வைத்துவிட்டு வரைபடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறைய பேர் என்று கதாசிரியருக்கு வயிறு எரிந்தது. அதற்குள் தாளில் வெயில் வந்துவிட்டது. கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டி மேசை ஓரம் நனைந்தது. ஏரி உருகி, அவர் நீல மையே தொடாத இடத்தில் நீலமாக அலையடித்தது. பாலம் இல்லை. படகுக்குத் துறை இல்லை. அவசர அவசரமாகப் பாலம் ஒன்றைப் போட்டார்; தூண் வைத்த இடத்திலெல்லாம் மை தண்ணீரில் கரைந்து நூலாகப் பிரிந்து போயிற்று.

அந்த வசந்தமும் கோடையும் இலையுதிர்காலமும் அவருக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகவே கழிந்தன. கேட்டவர்களிடமெல்லாம், பாலம் இல்லை, அவள் எப்படி வருவாள் என்று சொன்னார். தெருவும் அதை ஏற்றுக்கொண்டது. தன் தொழிலில் தானே சறுக்கி, பெண்டாட்டியை அக்கரையில் விட்டுவிட்டுத் தவிக்கிறார் பாவம் என்று பேசிக்கொண்டார்கள். கீழ்வீட்டுக்காரி அவ்வப்போது சூப் கொடுத்தனுப்பினாள். அவரும் ஏரி உறையட்டும் என்று காத்திருந்தார். முன்னறையில் தன் மேசையை நகர்த்தி, ஜன்னலோரமாக அவளுடைய தையல் மேசையைக் கொண்டுவந்து போட்டார். இஸ்திரிப்பெட்டியைத் துடைத்து அதன்மேல் வைத்தார். தன் மேசையைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டுபோய்ப் பல்பின் கீழே உட்கார்ந்தார். கண் எரிந்தது, சகித்துக்கொண்டார். ஊரின் படம் மட்டும் முன்னறையில், அவள் மேசைக்கு எதிரே, சுவரோரத்துப் பலகையில் கிடந்தது.

மறுவருஷம் முதல் குளிரிலேயே ஏரி உறைந்தது. தெருவில் பாதிப்பேர் மாடியேறி வந்து அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். மச்சான் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தார். ஏரியின்மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். யாரோ ஒருவன் ஓட்டை போட்டு மீன் பிடித்தான். சரக்கு வண்டி ஒன்று தாளின் ஓரத்திலிருந்து வந்து ஓரத்துக்கே திரும்பிப் போனது. அவள் வாசலிலிருந்து புதிய பாதைகள் கிளம்பின. ஒன்று கிணற்றுக்கு. ஒன்று கடைக்கு. ஒன்று விதவை வீட்டு முன்வாசலுக்கு. இரண்டு பேரும் சிநேகமாகியிருந்தார்கள். ஒன்று ஏரிக்கும் வந்தது. அறையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அது மீன் பிடிக்கிறவன்வரை வந்து, ஒரு மீன் வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பியது.

அடுத்த நாளும் பார்த்தார்கள். ஒரு வாரம் பார்த்தார்கள். பிறகு தெருவில் அவரவருக்கு வேலை இருந்தது.

"பாலம் இல்லாததுதான் காரணம்னு நானும் நெனச்சேன் மாப்பிள்ளை" என்றார் மச்சான், மெல்லிய குரலில். அவருக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. கீழ்வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சூப் அதோடு நின்றுபோனது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வரைபடக்காரர் யோசித்தார். கடைசியில் பேனாவை எடுத்து, தெற்குச் சரிவில், அவள் வீட்டுக்கு நாலு எட்டு மேலே, தனக்கென்று ஒரு வீடு வரைந்தார். வாழ்நாளில் வேறு எதையும் அவ்வளவு கண்ணும் கருத்துமாக வரைந்ததில்லை. சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை இறவாணம், உறுதியான பின்சுவர், சமையலறைக்கும் முன்னறைக்கும் ஜன்னல். முன்னறை ஜன்னலோரம் இரண்டு மேசை. வாசலை அவள் வாசலைப் பார்த்தபடி வைத்தார். பாதையை மட்டும் வரையவில்லை. அது அவள் கால்களால் வரவேண்டும். அவள் ஒருமுறை நடந்து வந்தால் போதும், அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு தானும் போய்விடலாம் என்று நம்பினார். மறுநாள் காலையில் வீடு பாதி மங்கியிருந்தது. அதற்கு அடுத்த நாள் வெறும் பனி.

திரும்பவும் வரைந்தார். மங்கியது. கெட்டியான மையில் வரைந்தார். அதுவும் மங்கியது. காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று அந்த ஊர் கேட்டது. அவர் சொல்லிக்கொடுத்த கேள்விதான். அந்த வீட்டிலிருந்து யாரும் தண்ணீருக்குப் போகவில்லை, அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை, பிறகு எதற்கு வீடு? நான் இருப்பதற்கு என்று அவர் தாளைப் பார்த்துச் சொன்னார், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு. ஊர் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வருஷங்கள் இப்படியே போயின. குளிர் வந்தால் அவர் வீட்டை வரைவார், அது மங்கும், அவர் திரும்ப வரைவார். பல்பு வெளிச்சத்தில் வேலை செய்து கண் பாதி போயிற்று. மற்றவர்களுக்காக அவர் வரைந்த படங்களில் ஆறு சரியாகக் கீழே ஓடியது, ஆனால் எந்தப் புகையும் எந்தப் பக்கமும் சாயவில்லை. மச்சான் விடுமுறை தவறாமல் வந்து தங்கையைப் பார்த்துவிட்டுப் போனார். அவளுக்கு முடி நரைத்தது. அது அவளுக்கு அழகாக இருந்தது. அவள் ஒருமுறைகூட மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. வெறுப்பு என்றும் சொல்வதற்கில்லை. வானத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அந்த ஊரில் அவளுக்கு ஏற்படவில்லை.

பிறகு ஒரு குளிர்காலத்தில் வீடு மங்கவில்லை.

ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார், கோடுகள் அன்று வரைந்தமாதிரியே கறுப்பாக நின்றன. பூதக்கண்ணாடியை எடுத்தார். பாதை வந்திருந்தது. அவள் வாசலிலிருந்து கிளம்பி, நாலு எட்டு மேலேறி, அவர் வீட்டை நோக்கித்தான் வந்திருந்தது. நன்றாக மிதிபட்ட பாதை, தினமும் நடக்கிற பாதை. அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அதன் மறுமுனையைத் தேடினார். அது வாசலுக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிருந்தது. அங்கே, நீளமான இறவாணத்துக்கு அடியில், பின்சுவரில் சாய்த்து, ஒரு குளிர்காலத்துக்குத் தேவையான விறகு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வந்தாள். ஒரு கை விறகை எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, திருப்தியாகி, முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டே இறங்கிப் போனாள். வாசல் பக்கம் பனி படிப்படியாக ஏறி, கதவின் பாதிவரை மூடியிருந்தது. அந்தப் பக்கத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வெகுநேரம் நின்றார். அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை.

அந்தக் குளிர் முடிவதற்குள் புதிய பதிப்பு போடுவதற்காகப் பதிப்பாளர் படத்தை வாங்க வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, இரண்டாவது மாடி திரும்புகிற இடத்தில் வரைபடக்காரர் போட்டுவைத்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் வந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் தெற்குச் சரிவில் விரலை நிறுத்தினார்.

"இந்த வீடு போன பதிப்புல இல்லையே சார். வாசலுக்கு வழியே காணோம், பின்னால மட்டும் வழி இருக்கு. யார் வீடு இது?"

"யார் வீடும் இல்ல."

"அப்ப எதுக்கு இங்க இருக்கு? வாசகர்கள் கேப்பாங்களே."

வரைபடக்காரர் பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"விறகு நனையாம இருக்கறதுக்கு" என்றார்.

பதிப்பாளர் குனிந்து இன்னொருமுறை பார்த்தார். இறவாணத்தின் நீளத்தைப் பார்த்தார், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புகையைப் பார்த்தார், அடுக்கியிருந்த விறகைப் பார்த்தார். "அப்ப சரி" என்று தாளைச் சுருட்டிக்கொண்டார். புத்தகம் அந்த வீட்டோடு வெளிவந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.